விமானத்தில் டீக்குக் காசு வந்த கதை

இந்தியாவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. டிக்கெட் விலையிலிருந்து பிரித்து, தனியாகக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்று நிறுவனங்களுக்கு அனுமதி தரப்பட்ட சேவைகளின் பட்டியல் அது. பிடித்த இருக்கை, பெட்டி, இசைக்கருவி, விளையாட்டுச் சாமான் என்று போகும் அந்தப் பட்டியலில் உணவு, தின்பண்டம், பானமும் உண்டு. அந்த வரியிலேயே ஒரு விலக்கும் உண்டு: குடிதண்ணீர் நீங்கலாக. அதாவது, வானத்தில் நீங்கள் காசு கொடுக்காமல் உரிமையோடு கேட்டு வாங்கக்கூடியது தண்ணீர் மட்டும்தான். டீ அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது.

டீக்குக் காசு வாங்குவதே தவறு என்று சொல்ல நான் வரவில்லை. டீக்கடையில் காசு கொடுக்கத்தானே செய்கிறோம். ஆனால் முன்பு ஏன் சும்மா கொடுத்தார்கள், எப்போது நிறுத்தினார்கள், நிறுத்தியதால் மிச்சமான காசு எங்கே போனது, இந்த மாற்றத்தின் பாரம் யார் தலையில் விழுந்தது என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

முதலில், இலவசம் எங்கிருந்து வந்தது? விமான நிறுவனங்களுக்குத் தாராள மனசு இருந்ததால் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல பத்தாண்டுகள் டிக்கெட் விலையை நிறுவனங்கள் தங்கள் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. அமெரிக்காவுக்குள் அரசு வாரியம் விலையைத் தீர்மானித்தது. நாடு விட்டு நாடு போகும் வழித்தடங்களில் ஐஏடிஏ என்ற நிறுவனங்களின் சங்கம் விலையைப் பேசி முடிவு செய்தது. எல்லோரும் ஒரே விலைக்கு விற்க வேண்டுமென்றால் போட்டியை எதில் காட்டுவது? சாப்பாட்டில் காட்டினார்கள்.

1958-இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டும் விமானங்களில் எகானமி வகுப்பு அறிமுகமானபோது நடந்தது இதற்கு நல்ல சாட்சி. மலிவு டிக்கெட் வாங்கியவருக்கு எளிமையான, சூடில்லாத சாண்ட்விச் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று ஐஏடிஏ விதி போட்டது. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ், 'நாங்களும் சாண்ட்விச்தான் தருகிறோம்' என்று சொல்லி, ஒரு ரொட்டித் துண்டின் மேல் இறைச்சி, மீன், காய்கறி என்று அடுக்கி ஒரு முழுச் சாப்பாட்டையே பரிமாறியது. அமெரிக்காவின் பான் ஆம் புகார் செய்தது. சாண்ட்விச் என்றால் என்ன என்று கூட்டம் போட்டு விவாதித்தார்கள். கடைசியில் எஸ்ஏஎஸ்ஸுக்கு 20,000 டாலர் அபராதம். அளவுக்கு மேல் நன்றாகச் சாப்பாடு போட்டதற்காக அபராதம்!

ஆக, அந்தக் காலத்துத் தட்டில் இருந்த சாப்பாடு இலவசமே இல்லை. உயர்த்தி வைத்த டிக்கெட் விலைக்குள் அது ஒளிந்திருந்தது. அன்றைக்கு விமானம் ஏறியவர்கள் வசதி உள்ளவர்கள், அதனால் யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

பிரித்துப் பார்த்த முதல் ஆட்களில் ஒருவர் பிரிட்டனின் ஃப்ரெடி லேக்கர். 1977 செப்டம்பரில் அவர் தொடங்கிய ஸ்கைட்ரெயின் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுண்டுக்குக் கூட்டிப்போனது. சாப்பாடு வேண்டுமென்றால் விலைக்கு வாங்கு, இல்லையென்றால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வா. அடுத்த வருஷமே அமெரிக்கா உள்நாட்டு விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. 1981-இல் அங்கே வந்த பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு நிறுவனம் ஒரு கப் காபிக்கு 50 சென்ட் வாங்கியது. நான் பார்த்தவரை இன்றைய முறையின் மூல வடிவம் அதுதான். ஆனால் அன்றைக்கு யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை, ஏனென்றால் டிக்கெட் விலை கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தது. காபிக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு கையில் மிஞ்சியது.

நம் நாட்டில் இதே வேலையைச் செய்தது ஏர் டெக்கான். கேப்டன் கோபிநாத்தின் அந்த நிறுவனம் 2003 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்கு முதல் விமானத்தை விட்டது. ரயிலில் ஏசி வகுப்பில் போகிறவரை விமானத்தில் ஏற்றுவதுதான் நோக்கம். உள்ளே தின்பண்டம் விலைக்கு. அப்புறம் 2005-இல் ஸ்பைஸ்ஜெட், கோஏர், 2006-இல் இண்டிகோ என்று வரிசையாக வந்தன. முதன்முதலாக விமானம் ஏறிய லட்சக்கணக்கான நடுத்தரக் குடும்பங்கள் இந்த விமானங்களில்தான் ஏறின. அந்த ஆட்கள் இலவச டீயை இழக்கவில்லை, அவர்கள் அதை ஒருநாளும் குடித்ததே இல்லை. இந்த வேறுபாட்டை மனசில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, சாப்பாட்டை நிறுத்தினால் நிறுவனத்துக்கு என்ன மிச்சம்? எடை குறையும், எரிபொருள் குறையும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சாப்பாட்டுத் தட்டு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். 180 பேருக்கு 90 கிலோ. கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் எரிபொருளாகக் கரையும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் ஒரு மணி நேரப் பறப்புக்கு மூன்று கிலோவுக்கும் குறைவு. எரிபொருள் லிட்டர் தொண்ணூறு ரூபாய் என்று வைத்தால் முந்நூறு ரூபாய்ப் பக்கம் வரும். 180 பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை.

உண்மையான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. சூடான சாப்பாடு போடாவிட்டால் அடுப்புகள் வேண்டாம், பெரிய சமையல் மேடை வேண்டாம். அந்த இடத்தைச் சுருக்கினால் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் இன்னொரு வரிசை இருக்கை போடலாம். 180 இடம் 186 ஆகும். அந்த ஆறு இடங்கள் வருஷம் முழுக்க, நாளைக்கு ஐந்தாறு தடவை விற்கும். மிச்சமாகும் நேரம் அதைவிடப் பெரியது. தரையிறங்கிய விமானத்தை அரை மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்புவதில்தான் மலிவு நிறுவனங்களின் உயிரே இருக்கிறது. எச்சில் தட்டு, சிந்திய குழம்பு, புதுச் சாப்பாட்டை ஏற்றும் லாரிக்குக் காத்திருப்பது இவை எல்லாம் அந்த அரை மணியைத் தின்றுவிடும். வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமாவும் அவலும் இந்திய மலிவு விமானங்களில் இவ்வளவு பிரபலமானதற்குக் காரணம் இதுதான். அடுப்பு தேவையில்லை, மிச்சமானால் நாளைக்கு விற்கலாம்.

இவ்வளவும் சாப்பாட்டுக்குப் பொருந்தும். டீக்குப் பொருந்துமா? வெந்நீர்க் கலம் எல்லா விமானத்திலும் இருக்கிறது. பையும் காகிதக் கோப்பையும் சில ரூபாய்தான். டீயை நிறுத்துவதால் ஒரு இருக்கையும் கூடாது. டீக்கு வைக்கிற விலையைச் செலவு தீர்மானிப்பதில்லை. பயணி எவ்வளவு கொடுப்பார் என்ற மதிப்பீடு தீர்மானிக்கிறது.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 முதல் பறக்கிற, மலிவு விமானச் சேவைக்கே பாட்டன் என்று சொல்லத்தக்க நிறுவனம். தட்டுச் சாப்பாடு அங்கே கிடையாது. ஆனால் காபியும் குளிர்பானமும் இலவசம். 2025 மே மாதம் பெட்டிக்குக்கூடக் கட்டணம் வாங்கத் தொடங்கிய பிறகும் காபிக்கு வாங்கவில்லை. மலிவாக நடத்த வேண்டுமென்றால் டீ காபிக்குக் காசு வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற வாதம் இந்த ஒரு உதாரணத்திலேயே விழுந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான பாடமும் அதே நாட்டில் உண்டு. 2008-இல் எண்ணெய் விலை எகிறியபோது யுஎஸ் ஏர்வேஸ் காபிக்கு 1 டாலர், குளிர்பானத்துக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் 2 டாலர் என்று ஆகஸ்ட் முதல் வாங்கியது. மற்ற பெரிய நிறுவனங்களும் பின்னால் வரும் என்று நம்பினார்கள். யாரும் வரவில்லை. ஏழே மாதத்தில், 2009 மார்ச்சில், கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். அதே 2008-இல் பெட்டிக்குக் கட்டணம் போட்ட நிறுவனங்கள் அதை இன்றுவரை எடுக்கவில்லை. பெட்டிக்குக் கொடுப்பதைப் பொறுத்துக்கொண்ட மனிதர்கள் தண்ணீருக்கும் காபிக்கும் கொடுப்பதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. தாகத்துக்கு விலை வைப்பதை மனசு வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது. 'டீ சாப்பிடுறீங்களா?' என்ற கேள்வியை வரவேற்பாகவே கேட்டு வளர்ந்த நமக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் கதை இதில் தனி ரகம். மலிவு நிறுவனமாகப் பிறந்து டீ விற்பது ஒன்று. பழைய பெருமையையும் அதற்கேற்ற விலையையும் வைத்துக்கொண்டு டீ விற்பது வேறு. 2017 ஜனவரி 11 முதல் ஐரோப்பாவுக்குள் போகும் குறுந்தூர விமானங்களில் அந்த நிறுவனம் எகானமி பயணிகளுக்குச் சும்மா கொடுத்துவந்ததை நிறுத்தி, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் சாண்ட்விச்களை விற்கத் தொடங்கியது. ஒரு டீ 2.30 பவுண்டு. ரொக்கம் வாங்க மாட்டார்கள், அட்டை மட்டும்தான். அப்போது தலைமையில் இருந்த அலெக்ஸ் க்ரூஸ், ஸ்பெயினின் மலிவு நிறுவனமான வூலிங்கை நடத்திவிட்டு வந்தவர். டீயையே அடையாளமாகக் கொண்ட நாட்டின் கொடி விமானத்தில் டீக்குக் காசு என்றால் சும்மா விடுவார்களா? பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. கொரோனாவுக்குப் பிறகு தண்ணீர் பாட்டிலும் சின்னத் தின்பண்டமும் இலவசமாகத் திரும்பி வந்தன. விற்பனையும் தொடர்கிறது. ஜெர்மனியின் லுஃப்தான்சா 2021-இல் குறுந்தூர எகானமியில் இதே வழியில் போனது.

நம் ஊரில் இதே மாதிரி நடுவழியில் மாறியது ஜெட் ஏர்வேஸ். உள்நாட்டு எகானமியில் சூடான சாப்பாடு போட்டே பெயர் வாங்கிய நிறுவனம். 2018 செப்டம்பர் கடைசியில் மிக மலிவான டிக்கெட் வகைகளுக்குச் சாப்பாட்டை நிறுத்தியது, 2019 ஜனவரியில் இன்னும் இரண்டு வகைகளுக்கு நிறுத்தியது. டீயையும் காபியையும் மட்டும் விட்டுவைத்தது. அந்த ஏப்ரல் 17-ஆம் தேதி நிறுவனமே பறப்பதை நிறுத்திவிட்டது. சாப்பாட்டை வெட்டியதால் மூழ்கியது என்று சொல்ல மாட்டேன், கடன் கழுத்து வரை இருந்தது. ஆனால் தட்டில் கைவைக்கிற நிலைக்கு ஒரு நிறுவனம் வருகிறது என்றால் அதன் கணக்குப் புத்தகம் எப்படி இருக்கிறது என்று பயணிக்கும் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டுக்காரர்களை நேராகத் தொடுவது வளைகுடா விமானங்கள். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2005-இல் தொடங்கப்பட்டதே வளைகுடா போய்வரும் தொழிலாளர்களை மனசில் வைத்துத்தான். மலிவு நிறுவனமாக இருந்தும் ஒரு சின்னத் தின்பண்டப் பெட்டியைச் சும்மா கொடுத்து வந்தார்கள். டாடா குழுமத்துக்குப் போன பிறகு, 2023-இல், அது நின்றது. பதிலாக, முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வாங்கும் சாப்பாட்டுப் பட்டியல் வந்தது. தேர்வு அதிகம், தரமும் கூடியது என்பது உண்மை. ஆனால் ஒருமுறை துபாயிலிருந்து சென்னைக்கு வந்த, இங்கே பெயர் சொல்லாத வேறொரு விமானத்தில் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை.

பக்கத்து இருக்கையில் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர் ஒருவர். கட்டட வேலை. தள்ளுவண்டி வந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார், "தம்பி, இந்த டீ டிக்கெட்லயே சேர்ந்ததா?"

"இல்லண்ணே, தனிக் காசு. பத்து திர்ஹாம்."

"பத்தா? எங்க ரூமுக்குக் கீழ ஒரு திர்ஹாமுக்குக் கரக் டீ குடிப்பேன். வேணாம் தம்பி, தண்ணி மட்டும் கேட்டு வாங்கிக் குடுங்க."

நான் ஒரு டீ வாங்கிக் கொடுக்கிறேன் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய டிக்கெட்டை எடுத்தது அவர் வேலை செய்த கம்பெனி. முன்பதிவு செய்தால் சாப்பாடு கொஞ்சம் மலிவு என்ற திரையை அவர் பார்த்ததே இல்லை. தங்குமிடத்திலிருந்து விமான நிலையத்துக்குக் கிளம்பி ஏழு மணி நேரம் ஆகியிருந்தது.

டிக்கெட்டைத் தானே எடுப்பவருக்குத் தேர்வு இருக்கிறது. விலையைப் பார்க்கிறார், ஒப்பிடுகிறார், வேண்டாமென்றால் விடுகிறார். தனித்தனியாகப் பிரித்து விற்கும் முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயமெல்லாம் அந்தப் பயணியை வைத்துத்தான் கட்டப்பட்டிருக்கிறது. இன்னொருவர் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில், இன்னொரு மொழியில் எழுதிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நியாயம் எட்டுவதில்லை. தூரத்தையும் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஒரு மணி நேரம், டீ இல்லாமல் போனால் ஒன்றும் ஆகாது. நீண்ட தூரத்துக்கு நிறுவனங்களே வேறு கணக்குப் போடுகின்றன. இண்டிகோ 2025 ஜூலையில் மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் பறக்கத் தொடங்கியபோது எகானமியிலும் சூடான சாப்பாட்டை டிக்கெட்டோடு சேர்த்தே கொடுத்தது. எல்லாவற்றையும் விற்றுப் பழகிய நிறுவனம்கூட ஒரு தூரத்துக்கு மேல் அப்படிச் செய்ய முடியாது என்று ஒப்புக்கொள்கிறது. வளைகுடா அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு.

அவ்வளவு விலை கொடுத்து வாங்கும் டீ நன்றாகவாவது இருக்குமா என்றால், அதுவும் கஷ்டம். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். ஊட்டி 7,000 அடிக்கு மேல். அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கறுப்புத் தேயிலை முழுதாக இறங்காது. காற்றும் வறண்டு கிடப்பதால் மூக்கும் நாக்கும் பாதிதான் வேலை செய்யும். ஊட்டியில் டீத்தூளைப் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு ஈடு கட்டுகிறார்கள். விமானத்தில் பையை முக்கி எடுப்பதோடு சரி.

இந்த விலையைத் தனியாக விமானத்தோடு மட்டும் வைத்துப் பார்க்கவும் முடியாது. 2018 மார்ச்சில் ப. சிதம்பரம் சென்னை விமான நிலையக் கடையில் டீ கேட்டார். வெந்நீரும் ஒரு டீப் பையும் 135 ரூபாய், காபி 180 ரூபாய் என்றார்கள். அதிர்ந்துபோய் வேண்டாமென்று வந்துவிட்டதாக ட்விட்டரில் எழுதினார். முன்னாள் நிதியமைச்சருக்கே இப்படியா என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. கதவைத் தாண்டி உள்ளே போன பயணிக்கு வேறு கடை கிடையாது, அதைத் தெரிந்துகொண்டு வைத்த விலை அது. ஏழு வருஷம் கழித்து, 2025 பிப்ரவரியில், அதே சென்னை விமான நிலையத்தில் உடான் யாத்ரி கஃபே என்ற அரசின் மலிவு விலைக் கடையைத் திறந்தார்கள். டீ 10 ரூபாய், காபி 20, சமோசா 20. அரசு வேண்டும் என்று நினைத்தால் விமான நிலையத்துக்குள்ளும் பத்து ரூபாய்க்கு டீ கொடுக்க முடிகிறது.

ரயிலில் நடந்த ஒன்று இன்னும் தெளிவானது. சதாப்தி போன்ற ரயில்களில் சாப்பாடு வேண்டாமென்று சொல்லி டிக்கெட்டைக் குறைத்து வாங்கும் வசதி வந்தது. அப்படி வாங்கியவர் உள்ளே ஏதாவது கேட்டால் 50 ரூபாய் சேவைக் கட்டணம் என்று விதி. 2022 ஜூன் கடைசியில் போபால் சதாப்தியில் ஒருவர் 20 ரூபாய் டீக்கு 70 ரூபாய் கொடுத்தார். அந்த ரசீது சமூக வலைத்தளங்களில் பரவியது. சில வாரங்களிலேயே ரயில்வே டீ, காபிக்கு அந்த 50 ரூபாயை எடுத்துவிட்டது. பிரித்து விற்கும் முறையை அப்படியே வைத்துக்கொண்டு, டீயை மட்டும் அந்தத் தண்டனையிலிருந்து விலக்கினார்கள். குடிதண்ணீருக்கு டிஜிசிஏ செய்த விலக்கும் இதே போன்றதுதான். நான்கு மணி நேரத்தைத் தாண்டும் விமானங்களில் ஒரு கப் டீயையோ காபியையோ அந்த விலக்குக்குள் கொண்டுவந்தால் எந்த நிறுவனமும் நொடித்துப்போகாது. இண்டிகோவின் வருமானத்தில் டிக்கெட்டுக்கு வெளியே வருவது, சரக்குக் கட்டணத்தையும் சேர்த்து, பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கிறது. பெட்டி, இருக்கை, சரக்கு எல்லாம் அடங்கிய அந்த ஒரு பங்கில் டீயின் இடம் மிகச் சிறியது. ஐரோப்பாவின் ரையன்ஏரில் அந்தப் பங்கு மூன்றில் ஒன்று. நாமும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதால் விலக்குகளை இப்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒரு விதி. மேலே பறக்கும்போது விலைக்கு விற்கும் அதே நிறுவனம், கீழே விமானம் தாமதமானால் சாப்பாடும் சிற்றுண்டியும் சும்மா கொடுக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் என்றால் தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தொட்டதும் இந்த உரிமை வந்துவிடும். இரண்டரையிலிருந்து ஐந்து மணி நேரம் வரை பறக்கும் விமானத்துக்கு மூன்று மணி நேரத் தாமதம், அதற்கும் மேல் என்றால் நான்கு. நேரத்துக்கு செக்-இன் செய்திருந்தால் போதும், எவ்வளவு மலிவான டிக்கெட்டாக இருந்தாலும் சரி. 2024 ஜனவரியில் கோவாவிலிருந்து டெல்லி போக வேண்டிய இண்டிகோ விமானம் மூடுபனியால் மும்பையில் இறங்கியபோது, பயணிகள் ஓடுதளப் பகுதியிலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட காட்சியை நாடே பார்த்தது. அதற்காக இண்டிகோவுக்கு 1.20 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. பெரும்பாலான இடங்களில் நாமாகக் கேட்டால்தான் கொடுக்கிறார்கள். தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தொடும்போது கவுன்டருக்குப் போய்க் கேளுங்கள். பக்கத்தில் கேட்கத் தயங்கி உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.